தண்ணீர் விளையாட்டு என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்துகொண்டிருக்கும் உலகத் திருவிழாக்கள் பற்றிய தொடரை எங்கள் வீட்டில் பேத்தி முதல் நான் வரை எல்லோரும் விடாமல் படிக்கிறோம். சென்ற வாரம் தாய்லாந்தின் புத்தாண்டு விழாவான சொங்கிரானைப் பற்றி எழுதி, கடைசிப் பத்தியில் கள்ளழகர் மீது தண்ணீர் பீய்ச்சும் நம் வழக்கத்தையும் சேர்த்து, இரண்டுக்குமாகத் 'தண்ணீர் விளையாட்டு' என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது மிகவும் சரி என்றே நினைக்கிறேன். விளையாட்டு என்று சொன்னதுதான் மனத்தை உறுத்துகிறது. அந்த ஊர் விழாவையும் ஒருமுறை நேரில் பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் கணவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் அழகருக்குத் துருத்தி என்னும் தோல் பையால் நீர் பீய்ச்சியவர். பங்குனி முடியும் தறுவாயில் பரணிலிருந்து அந்தப் பையை இறக்குவார். ஓராண்டாகக் காய்ந்து கிடந்த ஆட்டுத்தோல் பலகைபோல விறைத்திருக்கும். அதை அண்டாவில் இரண்டு நாள் ஊறப்போட்டு, நிழலில் வைத்து, விளக்கெண்ணெய் தடவி, மாவு பிசைவதுபோல உள்ளங்கையால் பிசைந்து பிசைந்துதான் இளக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும். இளகிய பிறகு அதன் கழுத்தில் பித்தளைக் குழலைச் செருகி, சொட்டுத் தண்ணீர் கசியாதபடி நூல்கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். அந்த நாட்களில் வீடு முழுக்கத் தோல் வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால்தான் தனக்குச் சித்திரை வந்ததாகத் தோன்றும் என்று என் மாமியார் சொல்வார். கணவர் விரதமிருந்து, வெறுந்தரையில் படுத்து, புதுமண்டபத்தில் தைத்து வாங்கிய சல்லடமும் உருமாலும் அணிந்து புறப்படுவார். (அந்தத் தையல் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன.) பையில் நிரப்புவது பன்னீரும் பச்சைக் கற்பூரமும் கலந்த தண்ணீர். அழகர் வைகையில் இறங்கி, இராமராயர் மண்டபத்துக்கு வந்து சேரும்போது, பையைக் கக்கத்தில் வைத்து மெல்ல அழுத்தினால், நீர் நூல் கட்டியதுபோல எழுந்து, வளைந்து, தங்கக் குதிரையின் மேல் தூவலாக விழும். தண்ணீர் விழுந்தது சுவாமிக்குத் தெரியக்கூடாது, குளிர்ந்தது மட்டும் தெரிய வேண்டும் என்பது அவர் தம் அப்பாவிடம் கற்ற பாடம்.

இதற்குப் பின்னால் இருக்கிற எண்ணம் எளியது. இருபது கிலோமீட்டருக்கு மேல் சித்திரை வெயிலில் பயணம் செய்து, வழியெல்லாம் மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறவரின் உடம்பு குளிர வேண்டும். வெயிலில் வந்த விருந்தாளிக்குக் கால் கழுவத் தண்ணீரும் குடிக்க மோரும் கொடுக்கிற அதே மனம்தான் இங்கே துருத்தியை எடுக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபமும் அக்கோயில் சுவாமியின் வசந்த விழாவுக்காக எழுந்ததுதான். சுற்றிலும் தண்ணீர் தேக்கி, நடுவில் சுவாமியைக் குளிர்ச்சியாக எழுந்தருளச் செய்தார்கள். அழகர் வருவதற்குச் சொல்லப்படும் காரணமே, துர்வாசரின் சாபத்தால் தவளையாகிப்போன மண்டூக முனிவருக்கு மோட்சம் தருவதற்காக என்பது. தண்ணீரை நம்பிக் கிடக்கும் ஓர் உயிருக்காக ஆற்றுக்கு வருகிறவரைத் தண்ணீரால் வரவேற்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்குத் துணையாகத் தாய்லாந்தின் வடக்கே உள்ள சியாங் மாய் நகரில் தங்கியிருந்தேன். சொங்கிரான் என்ற பெயரே நம் சங்கிராந்திதான். ஏப்ரல் 13, 14, 15 தேதிகளில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே அது வருகிறது. தெருவில் பெரிய துப்பாக்கி பொம்மைகளோடு இளைஞர்களும் சுற்றுலாப் பயணிகளும் நனைந்துகொண்டிருந்தது உண்மை. தாங்கள் வெளியிட்ட படமும் அதுதான். ஆனால் முதல் நாள் பிற்பகலில், வாட் பிரா சிங் கோயிலிலிருந்து பழமையான புத்தர் திருமேனியை அலங்கரித்த வாகனத்தில் வீதியுலா கொண்டுவந்தார்கள். வழியின் இரு பக்கமும் கிண்ணங்களோடு காத்திருந்த மக்கள் மல்லிகை மிதக்கும் வாசனைத் தண்ணீரை அதன் மேல் தெளித்தார்கள். மாசி வீதியில் நிற்கிறோமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அவர்கள் மொழியில் மல்லிகைக்கு 'மலி' என்று பெயர் என மகள் சொன்னதும், மதுரைக்காரியான எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மூதாட்டி தாழ்வான நாற்காலியில் அமர்ந்து, இரண்டு கைகளையும் ஏந்தியபடி நீட்டினார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் மண்டியிட்டு, வெள்ளிக் கிண்ணத்திலிருந்து அவர் உள்ளங்கையில் தண்ணீரை மெல்ல ஊற்றினார்கள். ஓராண்டில் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி கேட்பதும், அவர் வாழ்த்துவதும்தான் அந்தச் சடங்கு. அவ்வளவு தண்ணீரும் ஒரு செம்பைத் தாண்டாது. யாரும் சத்தம் போடவில்லை. விழாவின் உயிர் அந்த நாற்காலியடியில்தான் இருந்தது. யுனெஸ்கோ 2023-இல் சொங்கிரானைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அந்த மூதாட்டியின் ஏந்திய கைகளைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் நாள் அவர்கள் ஆற்றங்கரையிலிருந்து மணலை எடுத்துச் சென்று, கோயில் முற்றத்தில் சிறு சிறு தூபிகளாகக் குவித்துக் கொடி நடுகிறார்கள். கோயிலுக்கு வந்து போகிறவர்களின் காலில் ஒட்டிக்கொண்டு ஓராண்டில் வெளியேறிய மண்ணைத் திருப்பிக் கொடுக்கும் கடன் அது. பிட்டுக்கு மண் சுமந்த ஈசனின் ஊர்க்காரியாகிய எனக்கு இதைக் கேட்டதும் பெருமையும் வேதனையும் சேர்ந்தே வந்தன. காலில் ஒட்டிய மண்ணுக்கே அங்கே கணக்கு வைக்கிறார்கள். நாமோ வைகையின் மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டு, கருவேலமும் ஆகாயத்தாமரையும் மண்டிய ஆற்றில், அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீரை எதிர்பார்த்து அழகரை இறக்குகிறோம்.

இதே ஏப்ரலில் மியான்மரில் வரும் திஞ்சான் என்னும் புத்தாண்டு விழாவிலும், வெள்ளிக் கிண்ணத்து வாசனை நீரில் நாவல் இனத்துத் தளிரைத் தோய்த்துத் தெளிப்பதே பழைய முறை. அது 2024-இல் யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தது. ஆர்மீனியாவில் ஈஸ்டர் முடிந்து 98-ஆம் நாள் வர்தவார் என்று ஒருவர்மீது ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். ஹங்கேரியில் ஈஸ்டருக்கு மறுநாள் பையன்கள் வீடு வீடாகச் சென்று ஒரு சிறு பாட்டைச் சொல்லிப் பெண்கள்மீது தண்ணீரோ வாசனைத் திரவியமோ தெளித்து, வண்ணம் தீட்டிய முட்டையைப் பரிசாகப் பெறுகிறார்கள். அவற்றை நான் நேரில் பார்த்ததில்லை, ஆகவே விரிக்கவில்லை. தாங்கள் எழுதும்போது அங்கேயும் செம்பு பிடித்த கை எது, ஏந்திய கை எது என்று கேட்டு எழுதுங்கள் என்று மட்டும் வேண்டுகிறேன்.

தலைப்புக்காக இவ்வளவு வருந்த வேண்டுமா என்று தாங்கள் நினைக்கலாம். அந்தச் சொல் என்ன செய்யும் என்பதை எங்கள் வீடு அனுபவித்திருக்கிறது. விளையாட்டு என்று நினைத்து வந்தவர்கள்தாம் பிரஷர் பம்புகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஏதோ ரசாயன வாசனை கலந்த தண்ணீர், சாட்டைபோல வந்து பட்டர்களின் முகத்திலும் குடையிலும் சுவாமியின் ஆடையிலும் அடித்தது. அப்படி ஒரு வீச்சு என் கணவரின் வலக் கண்ணில் பட்டு, மூன்று வாரம் மருந்து போட்டும் பார்வை முன்போலத் திரும்பவில்லை. அதன்பின் அவர் துருத்தி எடுக்கவில்லை. பிறகு இது வழக்காகி நீதிமன்றம் வரை போய், கட்டுப்பாடுகள் வந்தன. அதற்காக நன்றி சொல்கிறேன். ஆனால் பம்பு கையில் இருந்த அந்தப் பையன்மீது எனக்குக் கோபம் இல்லை. இது ஒரு நேர்த்திக்கடன், இதற்கு விரதம் உண்டு, இவ்வளவு நீர்தான் என்று ஓர் அளவு உண்டு என்பதை அவனுக்கு வீட்டிலும் யாரும் சொல்லவில்லை, பத்திரிகையிலும் அவன் படிக்கவில்லை.

எனவே, அடுத்த சித்திரைக்குத் தங்கள் நிருபரையும் புகைப்படக்காரரையும் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மட்டும் அனுப்பாமல், இருபது நாள் முன்னதாகவே செல்லூருக்கு அனுப்பிவையுங்கள். எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் தோல் ஊறப்போடுகிறார்கள். பையைப் பிசைகிற பக்குவத்தை என் கணவர் இப்போது பேரனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். கழுத்தில் குழலைக் கட்டும் முடிச்சு மட்டும் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
செல்லூர், மதுரை.