ஓய்வு எக்ஸ்பியை எடுத்ததும், கப்பலில் இருந்தவரின் வீட்டைக் கலைத்ததும் குறித்த புகார்

அனுப்புநர்:
'வேம்பு' என்ற பெயரில் விளையாடும் மாதச் சந்தாதாரர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பிப்ரவரி அப்டேட்டில் வந்த மாற்றங்களால் குறைந்த நேரம் விளையாடுபவர்களுக்கு ஏற்பட்ட இழப்பு, என் கில்ட் (கேமில் சேர்ந்து ஆடும் குழு) உறுப்பினர் ஒருவரின் பொருட்களைத் திரும்பத் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ஆன்லைன் கேமில் 2018 முதல் ஹீலராக, அதாவது கூட ஆடுபவர்களின் காயத்தை ஆற்றுபவராக, விளையாடி வருகிறேன். ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை. கடை மூடி, கல்லாவைச் சரிபார்த்து, வீடு வந்து சாப்பிட்டு எழுந்தால் இரவு பத்து மணி. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு மாதம்கூடச் சந்தா தவறியதில்லை. தீபாவளி விற்பனைச் சமயத்தில் ஆறு வாரம் கேமைத் திறக்கவே முடியாது. அந்த மாதங்களுக்கும் கட்டியிருக்கிறேன்.

இதே விஷயத்துக்காக இரண்டு முறை டிக்கெட் போட்டேன். இரண்டுக்கும், உங்கள் கருத்தை உரிய குழுவுக்கு அனுப்பிவிட்டோம் என்ற ஒரே பதில் வந்தது. அதனால்தான் இப்போது விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஓய்வு எக்ஸ்பி பற்றிச் சொல்கிறேன். எக்ஸ்பி என்பது லெவல் ஏறச் சேர்க்கும் அனுபவப் புள்ளி. முன்பெல்லாம் என் கேரக்டர் வேம்பை ஏதாவது ஓர் ஊர்ச் சத்திரத்தில் படுக்க வைத்துவிட்டு வெளியே வருவேன். நான் இல்லாத நாட்களில் ஓய்வு சேர்ந்துகொண்டே இருக்கும். திரும்பி வரும்போது எக்ஸ்பி பட்டையின் அடியில் நீல நிறம் நிறைந்திருக்கும். அது தீரும் வரை அடிக்கிற ஒவ்வொரு அரக்கனுக்கும் இரட்டிப்பு எக்ஸ்பி. தீபாவளி முடிந்து, கணக்கெல்லாம் ஒப்படைத்துவிட்டு முதல் ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்து அந்த நீலப் பட்டையைப் பார்க்கும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் தெரியுமா? 'நீ வராதது தப்பில்லை, வா' என்று கேம் என்னிடம் சொல்கிற மாதிரி இருக்கும். பிப்ரவரியில் அதை எடுத்துவிட்டீர்கள். அதற்குப் பதிலாக வந்தது 28 நாள் வருகைச் சங்கிலி. தினமும் லாகின் செய்தால் பரிசு. ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடக்கம்.

ஓய்வு என்ற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று உங்கள் வடிவமைப்பாளர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேம் சோதனை ஓட்டத்தில் இருந்தபோது, ரொம்ப நேரம் விளையாடினால் எக்ஸ்பி பாதியாகக் குறையும்படி வைத்திருந்தார்கள். ஆடியவர்கள் அதைத் தண்டனையாகப் பார்த்தார்கள். அப்புறம் அதையே திருப்பிப் போட்டார்கள்: ஓய்வெடுத்து வந்தால் 200 சதவீதம், ஓய்வு தீர்ந்ததும் 100 சதவீதம். கணக்கு ஏறக்குறைய அதேதான், ஆனால் கோபம் போய்விட்டது. சத்திரத்தில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு லெவலில் 5 சதவீதம் சேரும், அதிகபட்சம் ஒன்றரை லெவல் வரை. அதாவது பத்து நாள் வராதவருக்கு முழு ஓய்வு காத்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளை வளர்ப்பவர்களும் அந்த மாதிரி கேம்களில் வருடக்கணக்கில் தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் செய்திருப்பது அதன் நேர் எதிர். வராத நாளுக்கு அபராதம் போடுகிறீர்கள்.

சரி, புதிய முறையை முயன்று பார்க்காமல் குறை சொல்லக் கூடாது என்று மார்ச் மாதம் தினமும் லாகின் செய்தேன். சாப்பிடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம், சில நாள் கண் செருகிக்கொண்டு வரும்போது ஐந்து நிமிடம். எதையும் ஆடவில்லை, பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். அப்படியும் பத்தொன்பதாவது நாள் சங்கிலி அறுந்தது. ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

உங்கள் சர்வரில் நாள் மாறுவது சிங்கப்பூர் நேரம் நள்ளிரவு பன்னிரண்டுக்கு. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே அப்போது இரவு ஒன்பதரை. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு லாகின் செய்தேன். சர்வரில் அது ஞாயிறு என்று பதிவானது. ஞாயிற்றுக்கிழமை கடை சீக்கிரம் மூடியதால் எட்டு மணிக்கே வந்தேன். அதுவும் ஞாயிறு என்றே பதிவானது. திங்கட்கிழமை வழக்கம்போல் பத்து மணி. அது செவ்வாய் ஆகிவிட்டது. திங்களைக் காணோம். எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் ஒரு தாள் விடாமல் மூன்று நாளும் நான் வந்திருக்கிறேன். உங்கள் கணக்கில் ஒரு நாள் வரவில்லை. நாள் கணக்கும் நேரக் கணக்கும் பார்த்துப் பழகிய எனக்கே இது புரிய ஒரு மணி நேரம் ஆனது. சந்தா எடுக்கும்போது நாட்டைக் கேட்டு, இந்திய ரூபாயில் பணம் பிடிக்கத் தெரிந்த உங்களுக்கு, நாளை மட்டும் இந்திய நேரப்படி எண்ணத் தெரியாதா?

சீசன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து வாரத்துக்கு ஒரு சீசன், ஒவ்வொரு சீசனிலும் டஞ்சனுக்குள் (குழுவாகப் போய் அரக்கர்களோடு சண்டையிடும் இடம்) நுழையக் குறைந்தபட்ச கியர் ஸ்கோர், அதாவது கேரக்டரின் ஆயுதம், கவசங்களுக்கான மதிப்பெண், ஏறுகிறது. வாரம் மூன்று நாள் ஆடினால் அந்த ஸ்கோரை எட்டவே எட்டு வாரம் ஆகிறது. மீதி இரண்டு வாரம் ஆடலாம், அதற்குள் அடுத்த சீசன். பெரிய குழுவாகப் போகும் ரெய்டின் கடைசி அரக்கனை நான் வீழ்த்த வேண்டும் என்று கேட்கவில்லை. அது நேரம் போட்டு உழைப்பவர்களுக்கு உரியது, அவர்களுக்கே இருக்கட்டும். என் கில்டோடு ஒரு சாதாரண டஞ்சனுக்குள் போக வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இனி முக்கியமான புகார். இது என்னுடையதுகூட இல்லை, எங்கள் கில்டில் உள்ள ஒருவருடையது.

அவர் தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. எங்கள் கில்டின் டேங்க், அதாவது முன்னால் நின்று அடியைத் தாங்குபவர், அவர்தான். 2018இல் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கில்ட் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார். 2019இல் கேமுக்குள் ஆற்றங்கரை மனையில் ஒரு வீடு வாங்கினார். அதற்குக் கொடுத்த கேம் தங்கம் அவர் ஒருவருடையது இல்லை, எல்லோரும் மீன் பிடித்தும் மூலிகை பறித்தும் விற்றும் சேர்த்துக் கொடுத்தோம். அந்த வருட விழாவில் மட்டும் கிடைத்த கல்விளக்குகள் இரண்டை முற்றத்தில் வைத்தார். 2020இல் ஊரடங்கு சமயத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்த காலம். எங்களில் யாராலும் போக முடியவில்லை. அன்று இரவு நாங்கள் நாலு பேர் அந்த முற்றத்தில் கல்விளக்குகளை ஏற்றி, அவருக்காகக் காத்திருந்தோம். பத்தரை மணிக்கு மனைவியின் போனிலிருந்து லாகின் செய்து இரண்டு நிமிடம் வந்து நின்றார். அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் என் கணினியில் இருக்கிறது. நேரில் நாங்கள் இன்று வரை சந்தித்ததில்லை.

இந்த ஜனவரியில் அவர் கப்பல் ஏறினார். பிப்ரவரியில் நீங்கள் புது விதி கொண்டு வந்தீர்கள்: 45 நாள் லாகின் இல்லையென்றால் வீடு கலைக்கப்படும், பொருட்கள் கேம் அஞ்சலுக்கு அனுப்பப்படும், அஞ்சல் 30 நாளில் காலாவதி. நடுக்கடலில் இருப்பவர் எந்த அஞ்சலைத் திறப்பார்? ஏப்ரலில் வீடு போனது. மே மாதம் அஞ்சலும் போனது. போதாக்குறைக்கு, பங்களிப்பு இல்லாத உறுப்பினர் என்று கில்டிலிருந்தும் அவரைத் தானாக நீக்கிவிட்டது உங்கள் சிஸ்டம். கில்ட் தலைவியான என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீக்கியபின் அறிவிப்பு மட்டும் வந்தது.

ஜூலையில் கரைக்கு வந்த அன்றே உள்ளே வந்தார். நான் அப்போது சந்தையில் இருந்தேன். சாட்டில் ஒரே ஒரு வரி வந்தது: "அக்கா, என் வீடு எங்கே?" நான் அவரை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். அந்த மனையில் வேறு யாரோ ஒருவரின் கோபுரம் நின்றது. அவர் கோபப்படவில்லை, புகாரும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் ஆற்றில் தூண்டில் போட்டுவிட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு இரண்டு முறைதான் வந்திருக்கிறார். ஏழு வருடம் சந்தா கட்டியவர், கடலில் இருந்த மாதங்களுக்கும் சேர்த்து.

மனைகள் குறைவு, ஆளில்லாத வீடுகள் இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்பது உங்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. 'ஃபைனல் ஃபேண்டஸி 14' கேமிலும் 45 நாள் விதி உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதே கேமின் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா, புதிய கதை வரும்போது வாருங்கள், முடிந்ததும் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு கேம் ஆடுங்கள், மறுபடி வாருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். நீங்கள் அங்கிருந்து விதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். சந்தா கட்டிக்கொண்டே இருப்பவரை ஆளில்லாதவர் என்று எப்படிச் சொல்ல முடியும்? மனையை எடுத்தாலும் பொருட்களை ஏன் அழிக்க வேண்டும்? இரண்டு கல்விளக்குகள் உங்கள் சர்வரில் எவ்வளவு இடம் பிடிக்கும்?

எல்லாமே கெட்டுப்போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. அதே அப்டேட்டில் சாட்டில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்ததைச் சரிசெய்தீர்கள். கொம்பும் காலும் உரிய இடத்தில் உட்காருகின்றன. ஏழு வருடமாகத் தங்கிலீஷில் பேசிய நாங்கள் இப்போது தமிழிலேயே பேசுகிறோம். அதற்கு மனதார நன்றி. ஆனால் பேச ஆள் குறைந்துகொண்டே வருகிறது. பிப்ரவரியில் கில்டில் பதினொரு பேர் இருந்தோம். இப்போது தொடர்ந்து வருவது நாலு பேர். போனவர்களில் ஒருவர் நர்ஸ், நைட் ஷிப்ட் மாறி மாறி வரும், இன்னொருவர் கைக்குழந்தைக்காரி. கேம் பிடிக்காமல் போனவர்கள் இல்லை அவர்கள். வந்து பொத்தான் அழுத்துவது இன்னொரு வேலையாகிவிட்டதால் போனவர்கள்.

ஆடுகிறவர்களைக் கேட்காமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' இருக்கிறது. 30க்கும் மேற்பட்ட தொழில்கள் இருந்த கேமை 2005 நவம்பரில் ஒரே அப்டேட்டில் 9 தொழில்களாகச் சுருக்கினார்கள். வருடக்கணக்கில் ஒரு தொழிலை வளர்த்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 2011 டிசம்பரில் கேமையே மூடினார்கள். 'ரூன்ஸ்கேப்' கேமை நடத்தும் நிறுவனம் வேறு வழியில் போனது. 2012இல் சண்டை முறையை மாற்றி எதிர்ப்பு கிளம்பியதும், ஆடுகிறவர்களிடம் வாக்கெடுத்து, 2007ஆம் ஆண்டின் பழைய வடிவத்தை 2013 பிப்ரவரியில் தனியாகத் திறந்தது. அதில் புதிதாக எதைச் சேர்ப்பதற்கும் 75 சதவீத வாக்கு வேண்டும் என்று தொடக்கத்தில் விதி வைத்தார்கள். அந்தப் பழைய வடிவம் இன்றும் ஓடுகிறது. நீங்கள் எங்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

என் கோரிக்கை இதுதான். அழிந்த அஞ்சலில் இருந்த பொருட்களை, குறிப்பாக அந்த இரண்டு கல்விளக்குகளை, தூத்துக்குடி நண்பரின் கணக்குக்குத் திருப்பிக் கொடுங்கள். அவருடைய கேரக்டர் பெயரையும் வீடு இருந்த மனை எண்ணையும் அவர் சம்மதத்தோடு டிக்கெட்டில் இணைத்திருக்கிறேன். அந்த மனை வேண்டாம், வேறு எங்கேயாவது ஒரு மனை வாங்கும் அளவுக்குத் தங்கம் கில்டில் இருக்கிறது. சந்தா நடப்பில் உள்ளவர்களின் வீட்டைக் கலைக்காதீர்கள். கில்டிலிருந்து ஒருவரை நீக்குவதைத் தலைவரின் முடிவுக்கு விடுங்கள். ஓய்வு எக்ஸ்பியைத் திரும்பக் கொண்டு வாருங்கள். வருகைப் பரிசு இருந்தே ஆக வேண்டும் என்றால், தொடர்ச்சியாக 28 நாள் என்பதை எடுத்துவிட்டு, எப்போது வந்தாலும் விட்ட எண்ணிலிருந்து தொடரும்படி செய்யுங்கள். அப்போது நேர வித்தியாசச் சிக்கலும் தானாகவே தீர்ந்துவிடும்.

அடுத்த சந்தா ஐந்தாம் தேதி பிடிக்கப்படும். நான் ஆட்டோ பேமென்டை நிறுத்தவில்லை. ஆனால் இந்த முறை மனிதர் ஒருவர் படித்து எழுதிய பதில் வேண்டும். நண்பர் அக்டோபர் கடைசியில் மறுபடி கப்பல் ஏறுகிறார். அதற்கு முன்பாக அந்த விளக்குகள் வந்து சேர்ந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லோரையும் கூப்பிட்டுப் புது வீட்டு முற்றத்தில் ஏற்றிவிடுவோம்.

இப்படிக்கு,
வேம்பு (ஹீலர், கில்ட் தலைவி)