எந்த அறை என்று கேட்டீர்களே: மொரீஷியஸ் கோல்ஃப் விடுதி நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். மொரீஷியஸின் கிழக்குக் கரையில், பதினெட்டுக் குழி கோல்ஃப் மைதானமும் வீட்டுக்கொரு நீச்சல்குளமுமாக நீங்கள் நடத்தும் விடுதிக்குப் பின்னால் இருக்கும் ஊரிலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். உங்கள் ஊழியர் பஸ் தினமும் இரண்டு முறை இங்கேதான் நிற்கிறது. எந்த வாசலைப் பற்றி எழுதுகிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். சவுக்குத் தோப்பு வழியாகக் கடலுக்குப் போகும் அந்த ஒற்றையடிப் பாதையில், நீங்கள் பச்சை வண்ணம் அடித்துப் பூட்டுப் போட்டிருக்கிறீர்களே, அந்த வாசல்தான்.

இது என் மூன்றாவது மடல். முதல் இரண்டையும் பிரெஞ்சில் எழுதினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு மறுநாளே பதில் வந்தது: "அன்பார்ந்த விருந்தினரே, எங்கள் மேல் ஆர்வம் காட்டியதற்கு நன்றி. ஏழு இரவு தங்கினால் ஐந்து இரவுக்குத்தான் கட்டணம், கோல்ஃப் முற்றிலும் இலவசம்." கூடவே ஒரு படம், அதில் எங்கள் கடல். சரி, பிரெஞ்சில் எழுதினால் ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், தமிழில் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன். தமிழா என்று புருவத்தை உயர்த்த வேண்டாம். இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் அச்சிட்டிருக்கிறது. நீங்கள் யூரோவில் வாங்குகிறவர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் என் மாமனாரின் திதி. அவர் அஸ்தியைக் கரைத்தது அந்தப் பாதை போய்ச் சேரும் இடத்தில்தான். கரும்புத் தோட்டத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலை எடுத்துக்கொண்டு அதே பாதையில்தான் போவார். அவர் வெட்டிய கரும்பு நின்ற நிலம் இப்போது உங்கள் ஒன்பதாவது குழி. அங்கே ஒரு கருங்கல் குவியலை அப்படியே விட்டு, இரவில் கீழிருந்து விளக்குப் போட்டு அழகு பார்க்கிறீர்கள். இந்தத் தீவின் எரிமலை மண்ணில் கல்லைப் பொறுக்கி ஒதுக்காமல் கரும்பு நட முடியாது. ஒதுக்கியவர்கள் யார், கூலி என்ன என்றெல்லாம் உங்கள் விருந்தினருக்குச் சொல்கிறீர்களோ இல்லையோ, விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அத்தைக்கு எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வழக்கம்போல் விடியற்காலையில் சொம்பும் வாழையிலையும் பூவும் எடுத்துக்கொண்டு அத்தை, என் கணவர், நான் என்று மூவரும் போனோம். வாசலில் பூட்டு. காவலுக்கு நின்ற பையன் எங்கள் தெருக்காரன். அவன் போட்டிருந்த உங்கள் சீருடைக் கால்சட்டையின் மடிப்பை இறக்கித் தைத்துக் கொடுத்ததே நான்தான். "மத்தாந்த் (அத்தை), புது உத்தரவு, என்னிடம் சாவி இல்லை" என்றான். அத்தையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பொதுக் கடற்கரை வழியாகச் சுற்றி வாருங்கள் என்று கை காட்டினான்.

சுற்று என்றால் எவ்வளவு என்று உங்கள் அலுவலகச் சுவரிலிருக்கும் வரைபடத்தில் தெரியாது. பஸ் பிடித்து அடுத்த ஊர் போய், அங்கிருந்து மணலில் திரும்ப நடந்து வர வேண்டும். காய்ந்த மணல் முழுக்க உங்கள் சாய்வு நாற்காலிகளும் ஓலைக்குடைகளும். மிச்சம் இருப்பது அலை வந்து போகும் ஈர மணல்தான், அதுவும் சரிவாக இருக்கும். முழங்கால் வலிக்காரர் சரிவில் நடக்கும்போது ஒரு கால் எப்போதும் மற்றதைவிடத் தாழ்வாகவே விழும். பத்தடிக்கு ஒருமுறை அத்தை நின்றார். வலிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "எவ்வளவு நாற்காலி பார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் காலி. ஒன்றில் உட்கார்ந்து மூச்சு வாங்கட்டும் என்று நான்தான் உட்கார வைத்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, மின்சார வண்டியில் உங்கள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். முதலில் பிரெஞ்சில், அப்புறம் ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான் கேட்டார்: "மேடம், எந்த அறை?"

அத்தை இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பதில் சொன்னார்: "என் வீட்டுக்காரர்தான் இங்கே தங்கியிருக்கிறார். அறை எண் எனக்குத் தெரியாது."

அவர் எங்கள் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். பத்து நிமிஷம் தந்தார். காவல்காரப் பையனை வாக்கி டாக்கியில் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டுப் போனார். கணவர் எள்ளும் தண்ணீரும் விட்டார். காற்றில் கற்பூரம் அணைந்துகொண்டே இருந்தது. அந்தப் பையன்தான் உங்கள் விடுதி முத்திரை பொறித்த தொப்பியைக் கழற்றிக் காற்றுக்கு மறைவாகப் பிடித்தான். மாடத்திலிருந்து ஒரு விருந்தினர் எங்களைப் படம் எடுத்தார். எடுத்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை இரவுகளில் வாழையிலை போட்டு 'ஏழு கறி' பரிமாறிப் பண்பாட்டு விருந்து என்று பெயர் வைக்கிறீர்கள். அன்று அவருக்குப் பண்பாடு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த வாசலைத் திறந்து விடுங்கள்.

சட்டத்தை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தத் தீவில் கடல்நீர் ஏறும் எல்லை வரை கரை எல்லாருக்கும் பொது. அதற்கு மேலே, பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே 'பா ஜெயோமெத்ரீக்' என்று பெயர் வைத்து அளந்து ஒதுக்கிய 81.21 மீட்டர் அகலப் பட்டை அரசு நிலம். நீங்கள் அதைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறீர்கள், வாங்கவில்லை. "கரையை நாங்கள் தடுக்கவில்லையே, யார் வேண்டுமானாலும் நடக்கலாமே" என்று உங்கள் மக்கள் தொடர்பு அம்மா சொன்னார். வாஸ்தவம். கரையைத் தடுக்கவில்லை, கரைக்கு வரும் வழியைத்தான் அடைத்தீர்கள். சாப்பாட்டைப் பொதுவில் வைத்துவிட்டு அடுக்களைக் கதவைப் பூட்டுகிற சாமர்த்தியம் இது.

கோல்ஃப் பந்து தலையில் பட்டால் யார் பொறுப்பு, காப்பீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது நீங்கள் சொன்ன இன்னொரு காரணம். இதில் கொஞ்சம் நியாயம் இருப்பதை மறுக்கவில்லை. பாதை ஆட்டக்களத்தின் ஓரத்தை ஒட்டித்தான் போகிறது. ஆனால் வில்லா பக்கம் உயரமாக வலை கட்டியிருக்கிறீர்கள். நாற்பதடி நீளத்துக்கு அதே வலையை இந்தப் பக்கமும் கட்ட என்ன செலவாகிவிடும்? விருந்தினர் தலைக்கும் எங்கள் தலைக்கும் பந்து ஒரே மாதிரிதான் விழும்.

கோல்ஃப் மேல் எனக்குப் பகை இல்லை. எங்கள் ஆட்கள் 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்து போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே வாக்வா என்ற ஊரில் வெள்ளைக்காரர்களுக்கு ஜிம்கானா என்ற கோல்ஃப் கிளப் இருந்ததாகச் சொல்கிறார்கள். அதனால் ஆட்டமும் நாங்களும் ஏறக்குறைய ஒரே வயது. சர்க்கரைக்கு ஐரோப்பா கொடுத்துவந்த விலையை 2006 முதல் படிப்படியாக 36 சதவீதம் குறைத்தபோது, தோட்ட முதலாளிகள் கரும்பை விட்டுவிட்டு வில்லாவையும் கோல்ஃபையும் நட ஆரம்பித்ததும் புரிகிற விஷயம்தான். அதற்கு முன்பே 2002இல் வந்த திட்டத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு வீடு வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்கு இங்கேயே குடியிருக்கும் அனுமதியும் கூடவே கிடைத்தது. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "நம் தாத்தாவுக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தம் கொடுத்தார்கள், வீடு கொடுக்கவில்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இருந்தாலும் அக்டோபரில் எங்கள் குழாயில் விடியற்காலை சில மணி நேரம்தான் தண்ணீர் வரும். வாளியை வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருப்போம். அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் 'டிக் டிக் டிக்' என்று உங்கள் தெளிப்பான்கள் சுற்றும். அது சுத்திகரித்த கழிவுநீர் என்கிறீர்கள். நம்புகிறேன். உப்புத் தண்ணீரையும் தாங்கும் பாஸ்பாலம் என்ற புல் வகையை இந்தத் தீவுக் கரைகளில் போடுகிறார்கள் என்றும் தெரியும். ஆனால் காலி வாளியோடு நிற்கிறவளுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று ஒரு நாள் வந்து கேட்டுப் பாருங்கள். குடிக்கச் சாயா தருகிறேன், தண்ணீர் இருந்தால்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்திருந்தால் புழுங்கும். 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ கப்பல் தென்கிழக்கில் பவளப்பாறையில் தட்டி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்து, ஆயிரம் டன் அளவுக்குக் கடலில் கலந்தது. விமானங்கள் இல்லாத கொரோனா காலம். அரசு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்க, ஊர் ஊராக ஜனங்கள் பக்கத்திலிருக்கும் மாஹேபூர் கரைக்குப் போய், காய்ந்த கரும்புத் தோகையைத் துணிப்பையில் திணித்து, காலிப் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி மிதக்கவிட்டு எண்ணெயை மறித்தோம். முடி எண்ணெயை உறிஞ்சும் என்று சொன்னதும் சலூன் சலூனாக முடி வெட்டிக் கொடுத்தார்கள். என் தையல் மெஷின் மூன்று இரவு நிற்கவே இல்லை. விரல் நுனியில் அந்த நாற்றம் ஒரு வாரம் போகவில்லை. கரையில் நின்ற ஒருவரிடமும் அன்றைக்கு யாரும் அறை எண் கேட்கவில்லை, விருந்தினர் கட்டும் கைப்பட்டையும் கேட்கவில்லை. எல்லை மூடியிருந்த அந்த மாதங்களில் இந்தத் தீவு விடுதிகள் உள்ளூர்வாசிகளுக்குச் சிறப்புச் சலுகை என்று விளம்பரம் செய்தன. நாமும் கொஞ்ச நாள் விருந்தாளிகளாக இருந்தோம். விமானம் மறுபடி இறங்கியதும் ஊர்க்காரர்களாகிவிட்டோம்.

பாருங்கள், எங்கேயோ போய்விட்டேன். தண்ணீருக்கும் வில்லாவுக்கும் எழுத வேண்டிய இடம் வேறு, அதற்கு எழுதிக்கொள்கிறேன். உங்களிடம் பாதை மட்டும்தான் கேட்க வந்தேன், அதைப் பணிவாகவே கேட்கிறேன்.

அந்த வாசலைக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை திறந்து வையுங்கள். ராத்திரி பூட்டிக்கொள்ளுங்கள், யாரும் தகராறு செய்யப்போவதில்லை. பெரிய போட்டி நடக்கும் நாட்களில் முன்கூட்டியே சொன்னால் ஊரே ஒத்துழைக்கும், இங்கே பாதிப்பேருக்குச் சம்பளம் உங்களிடமிருந்துதான் வருகிறது, அதை மறந்துவிடவில்லை. வாசலில் ஒரு பலகை, பாதை எல்லாருக்கும் பொது என்று கிரியோலில். வருகிறவர்களிடம் அறை எண் கேட்கக் கூடாது. அந்தப் பையனிடம் சாவி கொடுங்கள், அவன் தொலைக்க மாட்டான். இந்த மடலைப் படித்துவிட்டு அவன் வேலையில் கை வைத்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். தொப்பியைக் கழற்றியது சீருடை விதிக்கு முரண் என்றால் அதற்குக் காரணம் எங்கள் கற்பூரம்தான்.

அப்புறம், உங்கள் உடைமை கொஞ்சம் எங்களிடம் இருக்கிறது. தூண்டிலுக்குப் போகும் நாட்களில் மாமா ஆழமில்லாத இடத்தில் மணலில் புதைந்து கிடக்கும் கோல்ஃப் பந்துகளைப் பொறுக்கி வருவார். மீன் விழுங்கிவிடும் என்று அவருக்குக் கவலை. அவருக்குப் பிறகும் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துவைத்தோம். பெயிண்ட் டப்பா ஒன்றில் இருபத்து மூன்று கிடக்கின்றன, சிலவற்றில் உங்கள் முத்திரை இன்னும் அழியவில்லை. வாசல் திறக்கும் நாளில் அந்தப் பாதை வழியாகவே கொண்டுவந்து ஒப்படைக்கிறோம். ஒன்றைத் தவிர. அதை அத்தை குதிகால் வலிக்காகத் தினமும் காலுக்கடியில் போட்டு உருட்டுகிறார், அன்று சுற்றி நடந்ததிலிருந்து.

இப்படிக்கு,
பின்பக்கத்து ஊரிலிருந்து ஒரு தையல்காரி