இயங்கும் தொலைநோக்கியை அணைக்காதீர்கள்: விண்வெளி முகமைகளின் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விண்வெளி முகமைத் தலைவர்களுக்கும், கூட்டுத் திட்ட ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் அரசுப் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் ஆய்வு விண்ணப்பம் திரும்பி வந்தது. அறிவியல் பகுதியில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: "கூட்டாளர் நிறுவனத்தை மாற்றி மீண்டும் சமர்ப்பிக்கவும்." அந்தக் கூட்டாளர் எட்டு ஆண்டுகளாக என்னோடு வேலை செய்பவர். வேறொரு நாட்டில் இருக்கிறார், அவ்வளவுதான். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "என் பெயரை எடுத்துவிடுங்கள், வேலை நின்றுவிடக் கூடாது" என்று பதில் எழுதினார். அதைப் படித்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நானும் அவரும் எக்ஸ் கதிர் வானியலில் ஒரு சிறு மூலையில் வேலை செய்கிறோம். பெரிய கருந்துளை ஒன்றுக்கு மிக அருகில் போய்விடும் விண்மீன் அதன் ஈர்ப்பில் கிழிந்துபோகிறது. கிழிந்த வாயு உள்ளே விழும்போது எக்ஸ் கதிர்களில் திடீரென்று ஓர் ஒளி தோன்றுகிறது. சில மாதங்கள் இருக்கும், பிறகு மங்கிவிடும். எங்கே, எப்போது தோன்றும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முழு வானத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்றே அமைந்ததுபோல் ஒரு தொலைநோக்கி வந்தது. அதன் கதை உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அதில் பங்கெடுத்தவர்கள். இருந்தாலும் எங்கள் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிகிறது என்று ஒரு முறை கேளுங்கள்.

ஈரோசிட்டா தொலைநோக்கி ஜெர்மனியில் உருவானது. ஏழு கண்ணாடித் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக 54 கண்ணாடி உருளைகள். அதைச் சுமந்து சென்ற ஸ்பெக்டர் ஆர்ஜி விண்கலம் ரஷ்யாவுடையது. 2019 ஜூலை 13 அன்று பைக்கனூரிலிருந்து கிளம்பி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று மெல்லச் சுழன்று, ஆறு மாதத்தில் முழு வானத்தையும் ஒரு முறை பார்த்து முடிக்கும். எட்டு முறை பார்ப்பது திட்டம். அளவெடுத்தது ஜெர்மானியக் கருவி, அந்த அளவுகளைத் தரையில் பெற்றவை ரஷ்ய ஆன்டெனாக்கள். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஒரு படமும் கிடையாது.

ஒப்பந்தப்படி வானமே இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வரப்பு போட்டதுபோல், பால்வெளியின் ஒரு துருவத்திலிருந்து அதன் மையம் வழியாக மறு துருவம் வரை ஒரு கோடு. ஒரு பக்கத்துத் தரவு ஜெர்மானியக் குழுவுக்கு, மறுபக்கம் ரஷ்யக் குழுவுக்கு. நம் அண்டை கேலக்ஸிகளில் ஆண்ட்ரோமெடா ஒரு பாதியில் விழுந்தது, பெரிய மெகல்லன் மேகம் இன்னொரு பாதியில் விழுந்தது. எனக்கு அந்தக் கோடு பிடித்ததே இல்லை. ஆனால் இரு குழுவினரும் அதைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தவரை அது உறுத்தவில்லை. 2020 டிசம்பரில் அவர்கள் சேர்ந்து வெளியிட்ட கண்டுபிடிப்பைப் பாருங்கள். பால்வெளியின் தட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, சூடான வாயு நிரம்பிய இரண்டு மாபெரும் குமிழிகள். பால்வெளியின் மையத்தில் எப்போதோ நடந்த ஒரு பெரும் வெடிப்பின் தடம் அது என்று கருதப்படுகிறது. பிரித்த கோடு அந்தக் குமிழிகளின் நடுவே போகிறது. இரண்டு பாதிகளையும் ஒட்டிப் பார்த்ததால்தான் அவற்றின் வடிவம் முழுதாகத் தெரிந்தது.

2022 பிப்ரவரி 26 அன்று ஈரோசிட்டா அளவெடுப்பதை நிறுத்திப் பாதுகாப்பு நிலைக்கு மாற்றப்பட்டது. பழுது எதுவும் இல்லை. நான்கு முறை வானம் முழுவதையும் பார்த்து, ஐந்தாவதின் நடுவே இருந்தது. உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது, ரஷ்யாவுடனான அறிவியல் உறவுகளை நிறுத்துவது என்று ஜெர்மனி முடிவெடுத்திருந்தது. அதே விண்கலத்தில், அதே சூரியத் தகடுகளின் மின்சாரத்தில், பக்கத்தில் இருந்த ரஷ்யத் தொலைநோக்கியான ஆர்ட் எக்ஸ்சி தொடர்ந்து வேலை செய்தது. அந்தக் கோடையில் ரஷ்ய முகமையின் அப்போதைய தலைவர் ஈரோசிட்டாவைத் தாங்களே இயக்கப்போவதாக அறிவித்தபோது, ரஷ்ய விஞ்ஞானிகளே வேண்டாம் என்று தடுத்தார்கள். செய்தவர்களின் சம்மதமில்லாமல் அந்தக் கருவியைத் தொடுவது முறையல்ல, அதற்கு ஆபத்தும் கூட என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரு நாட்டு அரசுகளும் பேசிக்கொள்ளாத நாட்களில்கூட, அந்தப் பக்கத்து விஞ்ஞானிகள் இந்தப் பக்கத்துக் கருவிக்குக் காவல் நின்றார்கள். எங்கள் துறையைப் பற்றி எனக்குப் பெருமை தரும் செய்தி அது.

போரில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு தொலைநோக்கிக்காக அழுகிறாயா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். ராக்கெட் எஞ்சின் கொடுங்கள், பணம் அனுப்புங்கள், மேடையில் கை குலுக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. புதிய கூட்டுத் திட்டங்களை நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்துங்கள், அது அரசுகளின் பொறுப்பு. ஆனால் ஏற்கெனவே செலவழித்து, ஏற்கெனவே ஏவி, வானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு கருவியின் கண்ணை மூடியதால் ஒரு குண்டாவது குறைந்ததா? ஓர் உயிராவது காப்பாற்றப்பட்டதா?

இழந்தது என்ன என்று நான் சொல்ல முடியும். 2024 ஜனவரி 31 அன்று முதல் சுற்றின் பாதி வானத்துத் தரவு மட்டும் வெளியானது. அதிலேயே ஏறத்தாழ 9 லட்சம் எக்ஸ் கதிர் மூலங்கள். அந்த ஒரே சுற்றில் அடையாளம் காணப்பட்ட கேலக்ஸிக் கொத்துகள் 12 ஆயிரத்துக்கும் மேல். எட்டுச் சுற்றும் முடிந்தால் ஒரு லட்சம் கொத்துகள் என்பது இலக்கு. பேரண்டம் விரியும் வேகத்தை எது கூட்டுகிறது என்பதை அந்த எண்ணிக்கையிலிருந்து கணக்கிட நினைத்தோம். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் 2023 இறுதியில் எட்டாவது சுற்று முடிந்திருக்கும். கொத்துகள் எங்கும் போய்விடாது, இன்னொரு தொலைநோக்கி என்றாவது அவற்றைப் பார்க்கும். ஆனால் அந்தக் காலத்தில் கிழிந்துபோன விண்மீன்களின் ஒளி வந்தது, கடந்து போனது. அது திரும்பி வராது. எங்கள் அட்டவணையில் அந்த மாதங்களுக்கு நேரே வெற்றிடம் இருக்கிறது. கருவி கெட்டுப்போய் வந்த வெற்றிடமாக இருந்தால் மனம் ஏற்றுக்கொண்டிருக்கும்.

ஆகவே கேட்கிறேன்: இயங்கும் அறிவியல் கருவியை அரசியல் காரணத்துக்காக அணைக்கக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டு ஒப்பந்தத்திலும் ஒரு பிரிவைச் சேருங்கள்.

இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த 1980களில் இதைவிடக் கடினமானதைச் செய்தவர்கள் உங்கள் நாற்காலிகளில் இருந்தவர்கள். 1986 மார்ச்சில் ஹாலி வால்மீனைச் சந்திக்க சோவியத்தின் வேகா கலங்கள் இரண்டு, ஜப்பானின் இரண்டு, ஐரோப்பாவின் ஜியோட்டோ ஒன்று எனப் போயின. தூசி சூழ்ந்த வால்மீனின் கரு சரியாக எங்கே இருக்கிறது என்று பூமியிலிருந்து தெரியாது. மார்ச் 6 அன்றும் 9 அன்றும் முதலில் கடந்துபோன வேகா கலங்கள் அதன் இடத்தைக் காட்டின. அந்தக் கலங்கள் எங்கே இருக்கின்றன என்று துல்லியமாக அளந்து கொடுத்தவை அமெரிக்க ஆன்டெனாக்கள். சோவியத் கலம், அமெரிக்க ஆன்டெனா, ஐரோப்பியக் கணக்கு. அதை நம்பி ஜியோட்டோ சில நாட்களில் கருவிலிருந்து 596 கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோனது. அன்று இரு பக்கமும் ஒன்றையொன்று குறிவைத்து ஆயிரக்கணக்கான அணு ஆயுதங்களை வைத்திருந்தன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2022 செப்டம்பரில் ஓர் அமெரிக்க விண்வெளி வீரர் ரஷ்யாவின் சோயுஸில் ஏறிச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். அடுத்த மாதமே ஒரு ரஷ்ய வீராங்கனை அமெரிக்காவின் டிராகன் கலத்தில் போனார். அந்த நிலையத்தை இரண்டாக அறுக்க முடியாது என்பதால் வழி கண்டுபிடித்தீர்கள். நல்லது, அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அறுக்க முடிந்ததை எல்லாம் அறுத்துவிட்டீர்கள். விட்டுக்கொடுக்கச் சுலபமானது அறிவியல் என்பதால் அதுதான் முதலில் போகிறது. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கணக்கும் நீளம்தான். சூரியனின் வட துருவத்தையும் தென் துருவத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க அமெரிக்கா ஒன்று, ஐரோப்பா ஒன்று என இரண்டு கலங்கள் அனுப்புவதாக இருந்தது. 1981இல் அமெரிக்கா தன் கலத்தை ஒருதலையாகக் கைவிட்டது. 1990இல் ஐரோப்பாவின் கலமான யுலிஸஸ் மட்டும் தனியே போனது. செவ்வாயில் இரண்டு மீட்டர் ஆழம் துளைக்கும் ரோசலிண்ட் பிராங்க்ளின் ஊர்தியின் திட்டத்திலிருந்து 2012இல் அமெரிக்கா விலகியது. ஐரோப்பா ரஷ்யாவோடு சேர்ந்தது. 2022 செப்டம்பரில் ஏவ வேண்டியிருந்த ஊர்தி, அதே ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இப்போது 2028 என்கிறார்கள். அதற்கு முப்பது வயதில் கருவி செய்யத் தொடங்கியவர்களின் தலை நரைத்துவிட்டது. சீனாவோடு நேரடியாகச் சேர்ந்து வேலை செய்ய நாசாவுக்கு 2011 முதல் சட்டத் தடை. 2020 டிசம்பரில் சீனாவின் சாங்இ-5 கலம் நிலவிலிருந்து 1,731 கிராம் மண்ணும் கல்லும் கொண்டுவந்தது. அந்தக் கற்களின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டு. அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த எரிமலைப் பாறைகளைவிட நூறு கோடி ஆண்டு இளையவை. நிலவின் பள்ளங்களை எண்ணி மற்ற கோள்களின் வயதைக் கணக்கிடும் எல்லோருக்கும் அவை வேண்டும். ஆனால் நாசா நிதியில் வேலை செய்பவர்கள் அவற்றுக்கு விண்ணப்பிக்கவே 2023 வரை காத்திருந்தார்கள்.

1967இன் விண்வெளி ஒப்பந்தத்தின் முதல் பிரிவை உங்கள் அரசுகள்தான் எழுதின. விண்வெளியில் அறிவியல் ஆய்வுக்குச் சுதந்திரம் உண்டு, அதற்கான நாடுகளின் ஒத்துழைப்பை அரசுகள் எளிதாக்கவும் ஊக்குவிக்கவும் வேண்டும் என்பது அதில் இருக்கிறது. "ஊக்குவிக்கவும்" என்ற சொல்லுக்கு அருகில் "கூட்டாளரை மாற்றிக்கொண்டு வா" என்ற வரியை வைத்துப் பார்க்கிறேன். பொருந்தவில்லை.

கோபத்தில் கேட்க வந்ததிலிருந்து விலகிவிட்டேன். மன்னிக்கவும், திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். இயங்கும் கருவியை அணைக்காதீர்கள். உறவு முறியும் நாள் வரும் என்று ஒப்பந்தம் எழுதும்போதே நினைத்து எழுதுங்கள். அன்றைக்கும் கருவி தொடர்ந்து அளவெடுக்கட்டும். அந்தத் தரவை மூன்றாவது நாடு ஒன்றின் தரை நிலையம் பெற ஏற்பாடு இருக்கட்டும். கோடு போட்டுப் பிரித்த தரவும், அதைத் திருத்தி அளக்கத் தேவையான கோப்புகளும் அந்த நாளிலிருந்தே எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். 1957, 1958 ஆண்டுகளில் நடந்த சர்வதேச புவி இயற்பியல் ஆண்டுக்காக உருவான உலகத் தரவு மையங்கள், ஒன்றோடொன்று பகைத்த நாடுகளிலேயே அமைந்து, ஒரே அளவீடுகளின் பிரதிகளைக் காத்தன. அந்த ஏற்பாட்டை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

கடிதங்களால் எதுவும் ஆகாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1994இல் சனி கோளுக்குக் கலம் அனுப்பும் காசினி திட்டத்தை அமெரிக்கா கைவிடும் நிலை வந்தபோது, ஐரோப்பிய விண்வெளி முகமையின் தலைவர் ழான்-மரி லூட்டோன் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோருக்கு ஒரு கடிதம் எழுதினார். காசினி பிழைத்தது. அதில் தொற்றிக்கொண்டு போன ஐரோப்பாவின் ஹைகென்ஸ் கலம் 2005 ஜனவரி 14 அன்று சனியின் டைட்டன் நிலவில் இறங்கியது. என் கடிதத்துக்கு அந்தக் கனம் இல்லை. ஆனால் கேட்பது அதேதான்: சேர்ந்து செய்த வேலையை நடுவில் விட்டுவிடாதீர்கள்.

என் கூட்டாளரின் பெயரை நான் எடுக்கவில்லை. இரண்டு பெயர்களோடும் விண்ணப்பத்தை நேற்று மீண்டும் அனுப்பிவிட்டேன். அதற்கான பதிலும் இந்த மடலுக்கான பதிலும் வரும்வரை காத்திருக்கிறேன்.

இப்படிக்கு, வணக்கத்துடன்,
எக்ஸ் கதிர் வானியல் ஆய்வாளர் ஒருவர்