ஐம்பது தாண்டினால் சங்கீதக் கதிரைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தைப்பொங்கலுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். இளைஞர்களுக்கு 100 மீற்றர், 1500 மீற்றர், கயிறிழுத்தல். ஐம்பதைத் தாண்டிய எங்களுக்கு வழக்கம்போல சங்கீதக் கதிரை. முப்பது வருடம் கொழுந்தெடுத்து மலை ஏறி இறங்கிய என் அக்கா, கதிரையை இரண்டு தரம் சுற்றிவிட்டு, "இதுக்கா இவ்வளவு நேரம் வெயில்ல நின்னேன்?" என்றார். அப்புறம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று ஓடியே காட்டினார். பரிசு ஒன்றும் கிடையாது, கைதட்டல்தான்.

ஆனால் மூத்தோருக்கென்றே 1985இல் கனடாவின் டொரொண்டோவில் தொடங்கிய உலக மாஸ்டர்ஸ் விளையாட்டு விழா 2025இல் தாய்வானில் நடந்தது. தகுதிகாண் போட்டி இல்லை. உரிய வயதும் பதிவுக் கட்டணமும் இருந்தால் இறங்கலாம். மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகளில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வருடப் பிரிவுகள். அறுபதுக்காரர் நாற்பதுக்காரரோடு மோத வேண்டியதில்லை.

சரி, தாய்வானுக்கு அனுப்பச் சொல்லவில்லை. அன்றாடப் பேருக்கு (நாட்கூலிக்கு) உழைப்பவர்களுக்கு அது எட்டாத பயணம். நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலிலோ ஹட்டன் டன்பார் மைதானத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படியொரு விழா வைக்கலாமே? இரத்த அழுத்தம் பார்க்க ஒரு வைத்தியர் இருக்கட்டும். 1,800 மீற்றர் உயரத்துக்கு மேலுள்ள நுவரெலியாவில் கொழும்புக்காரருக்குத்தான் மூச்சு வாங்கும், எங்களுக்கல்ல.

அக்கா இப்போதே சப்பாத்து விலை விசாரிக்கிறார்.

தோட்ட வாசகர் ஒருவர்,
டிக்கோயா.