பட்டினி போட்டால் கிருமி சாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார நலவாழ்வுப் பக்கத்தில், ‘லங்கணம் பரம ஔஷதம்’ (பட்டினியே சிறந்த மருந்து) என்பதற்கு விளக்கமாக, உடம்பைப் பட்டினி போட்டால் உள்ளே இருக்கும் கிருமியும் பட்டினியில் செத்துவிடும் என்று ஒரு வரி வந்திருந்தது. காய்ச்சல்காரர் ஒரு வேளை கஞ்சியோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை. ஆனால் உங்கள் பத்திரிகை கேரளத்தில் எங்கள் வண்டிப்பெரியாறு லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கைமாறிக் கைமாறிப் படிக்கப்படுகிறது. டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அந்த வரியைப் படித்திருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பாக்டீரியா தன் பசியை எப்படி அறிகிறது என்பதை நான் பிள்ளைகளுக்குத் தேயிலை ஃபேக்டரியை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம்தான் ஃபேக்டரி. கடத்து ஆர்.என்.ஏ. கொழுந்துக் கூடை மாதிரி. புரதத்துக்கு மூலப்பொருளான அமினோ அமிலத்தைச் சுமந்து வந்து கொட்டிவிட்டுப் போகும். உணவு தீர்ந்தால் கூடை வெறுமையாக வந்து நிற்கும். ரெல்-ஏ என்ற நொதி அந்த வெறுங்கூடையைக் கண்டதுமே பிபிஜிபிபி என்ற சிறு மூலக்கூறை உண்டாக்கிச் செல் முழுக்கப் பரப்பிவிடும். 1969இல் கேஷல், காலன்ட் என்ற இருவர் பட்டினி கிடந்த ஈ.கோலை பாக்டீரியாவில் இதைக் கண்டு ‘மாயப் புள்ளி’ என்று பெயர் வைத்தார்கள். பரிசோதனைத் தாளில் எங்கிருந்தோ முளைத்த புள்ளியாக அது தெரிந்ததுதான் காரணம். இந்தச் சேதி பரவியதும் புதிய ரைபோசோம் கட்டும் வேலை நிற்கிறது. வளர்ச்சி அடங்குகிறது. இல்லாத அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ளும் வேலை தொடங்குகிறது. இத்தனையும் சாகாமல் காத்துக்கிடப்பதற்கு!

காசநோய்க் கிருமியிடமும் இதே ஏற்பாடு உண்டு. அந்தச் சேதி மூலக்கூறைச் செய்யும் அதன் ரெல் மரபணுவை நீக்கிவிட்டால் எலியின் நுரையீரலில் அதனால் நெடுநாள் தங்க முடிவதில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அடங்கிக் கிடக்கிற கிருமியை மருந்தும் எளிதில் தொடாது. ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்து தாக்குவது கிருமி தன் சுவரைக் கட்டும் வேலையை. கட்டாமல் சும்மா கிடப்பதை அது என்ன செய்யும்? பென்சிலினுக்குத் தப்பிப் பிழைத்த சில கிருமிகளை ஜோசப் பிக்கர் 1944இலேயே கவனித்து எழுதினார். அவை மருந்தை எதிர்க்கப் பழகியவை அல்ல, உறங்கிக் கிடந்தவை. இருமல் நின்ற பிறகும் ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்தோடு ஆறு மாதம் மாத்திரை தொடர்வது, இப்படிக் கிடந்து மெல்ல எழுகிறவற்றையும் ஒழிக்கத்தான்.

என் பக்கத்து லயத்துக் கொழுந்தெடுக்கும் அக்காவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, எடையும் ஏறியது. கோயில் கொடைக்குச் சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர் மாத்திரையை அங்கேயே விட்டுவிட்டார். நான்கு மாதம் கழித்துச் சளியில் மறுபடி கிருமி. அவருக்குக் கொடுத்திருந்த துண்டறிக்கை முழுக்க மலையாளம். பேசத் தெரியும், படிக்கத் தெரியாது அவருக்கு. அந்தக் காகிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

பட்டினி பலவீனப்படுத்துவது நோயாளியைத்தான். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகப் பருப்பும் அரிசியும் கொடுத்தபோது, அவர்களில் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது என்று 2023இல் ஆய்வு வெளியானது. மத்திய அரசு நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் தருவதும் சாப்பாட்டுக்காகவே.

அந்த வரியைத் திருத்தி அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். ஊருக்குப் போகிறவர்கள், காசநோயாளியாக அரசிடம் பதிவானபோது கிடைத்த நிக்‌ஷய் எண்ணைச் சொன்னால் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையிலும் சிகிச்சையைத் தொடரலாம் என்பதையும் கூடவே போடுங்கள். சித்திரையில் கொடை வருகிறது. இங்கிருந்து பாதி லயம் கீழே இறங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்