உலோகப் படலம் பூச்சு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கின் கணினிச் சில்லுத் தொழிலைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். படிகத்தின் மேல் உலோகம் 'சாயம் போலப் பரவுகிறது' என்ற ஒரு வரி மட்டும் உறுத்தியது. பாயான் லெப்பாஸ் ஆலை ஒன்றில் உலோகம் படியவைக்கும் இயந்திரத்தோடு இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் அதைத் திருத்த விரும்புகிறேன்.

வெற்றிடத்தில் ஆவியான உலோகம் அணு அணுவாகவே வந்து விழுகிறது. விழுந்த அணு அங்கேயே நிற்பதில்லை. சூட்டுக்கு ஏற்ப மேற்பரப்பில் அலைந்து, இன்னோர் அணுவையோ, மேற்பரப்பில் ஓர் அணு உயரமுள்ள படியின் விளிம்பையோ கண்டால் ஒட்டிக்கொள்கிறது. அடித்தளத்தின் மேல் அதற்குப் பிடிப்பு மிகுதியானால் அடுக்கடுக்காக வளரும். தன் இனத்தோடுதான் பிடிப்பு என்றால், வாழையிலையில் தெளித்த நீர் முத்து முத்தாக நிற்பதுபோல், தொடக்கத்திலேயே தீவுகளாகக் குவியும். சில அடுக்குகள் சீராகப் படிந்தபின் தீவுகளாக மாறுவது மூன்றாவது வகை. அணு இடைவெளிகள் பொருந்தாமையால் ஏறும் இறுக்கமே அதற்குப் பெரும்பாலும் காரணம். 1958இல் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் பவுவர் வகுத்துக் காட்டியவை இம்மூன்றும்.

சூடேற்றினால்தான் படலம் சமமாகும் என்று பொதுவாக எண்ணுவதும் சரியன்று. பிளாட்டினப் படிகத்தின் மேல் பிளாட்டினமே படியும்போது, ஏறத்தாழ 620 கெல்வினில் அடுக்கடுக்காக வளர்கிறது. 420இல் மேடு தட்டுகிறது. 275க்குக் குளிர்வித்தால், வியப்பு, மீண்டும் அடுக்கடுக்காகவே வளர்கிறது. தீவின் மேல் விழுந்த அணு கீழே இறங்க விளிம்பில் ஒரு தடையைத் தாண்ட வேண்டும். குளிரில் தீவுகள் சிறியனவாய், கிளைவிட்ட விளிம்புகளோடு அமைவதால் இறங்க வழி எளிதாகக் கிடைக்கிறது.

ஓர் இரவு ஷிப்டில், அலுமினியம் படிந்து கண்ணாடிபோல் மின்ன வேண்டிய வேஃபர்கள், அதாவது சில்லுகள் செய்யும் மெல்லிய சிலிக்கன் வட்டுகள், பாலாடை படிந்தாற்போல் மங்கி வெளிவந்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மணல் மணலாய் மேடுகள். வேலைக்குப் புதிதாக வந்திருந்த தம்பி, பூச்சு தடித்துவிட்டது என்று எண்ணி உலோகத்தின் அளவைக் குறைத்தார். அடுத்த தொகுதியும் மங்கியே வந்தது. அடித்தளத்தின் வெப்ப உணரி இடம் நகர்ந்து, வேஃபர்கள் அளவுக்கு மீறிச் சூடேறியிருந்ததைக் கண்டுபிடிக்க விடிந்துவிட்டது. அணுக்கள் அலைகின்றன என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தால், அவர் முதலில் வெப்பத்தைத்தான் பார்த்திருப்பார்.

இத்தொழிலுக்கு வரவிருக்கும் நம் பிள்ளைகளும் தங்கள் பக்கங்களைப் படிக்கிறார்கள். ஆகவே இத்திருத்தத்தை, மூன்று வகை வளர்ச்சியையும் காட்டும் ஒரு படத்துடன், அடுத்த ஞாயிறன்றே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்பர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு