92 டிகிரியில் கொதிக்கும் உலை: நீலகிரி ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சத்துணவுப் பிரிவு நேர்முக உதவியாளர் அவர்களுக்கும் வணக்கம்.

நம் மலைப் பள்ளிகளில் மதியம் மிஞ்சும் சோற்றைப் பற்றி எழுதுகிறோம். கடைத் தின்பண்டம் ருசி கண்ட பிள்ளைகள், அதனால்தான் சத்துணவு இறங்குவதில்லை என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கழிவு வாளியை ஒருநாள் கரண்டியால் கிளறிப் பாருங்கள். கல்லாக நிற்கும் கொண்டைக்கடலை, விரல் தடிமனில் வெட்டிய அரைவேக்காட்டுக் கேரட், ஓரமெல்லாம் எண்ணெய் வெள்ளையாக உறைந்த புளிசாதம். பெரியவர்களும் ஒதுக்கித்தான் வைப்பார்கள்.

சத்துணவு 1982இல் வந்தது. அதில் கலவை சாதங்களும் மசாலா முட்டையும் 2013இல் சேர்ந்தன. சமவெளிக்கு அது அருமையான பட்டியல். ஆனால் உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தீயை எவ்வளவு கூட்டினாலும் உலைச் சூடு அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் போகும், கேஸ்தான் தீரும். சோறு வெந்துவிடும், பருப்பும் கடலையும் அடம்பிடிக்கும். திறந்த பாத்திரத்தில் வேகவைக்கும் சத்துணவு மையங்களில் பதினொன்றரைக்குப் பருப்பு மசியாதபோது சமையலர் என்ன செய்வார்? புளியையும் தக்காளியையும் சேர்த்துக் கொதிக்கவிடுவார். புளிப்பு பட்ட பருப்பு அதன்பிறகு மசியவே மசியாது. பருப்பு விரலால் நசுங்கிய பிறகே புளி. இதை ஒவ்வொரு சமையல்கூடச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வெந்துவிடும் என்பார்கள். வேகும், பி வைட்டமினும் கூடவே போகும். அதைவிட ஊறவைப்பதில் கவனம் வேண்டும். டிசம்பரில் இங்கே குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும், அதில் கொண்டைக்கடலை இரவெல்லாம் கிடந்தாலும் சரியாக ஊறாது. பட்டியல்படி செவ்வாய்க்கிழமை வரும் கொண்டைக்கடலைப் புலாவுக்கான கடலையைத் திங்கள் மாலை கிளம்பும் முன், கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போட்டு ஊறவைத்து, மூடி, சாக்கு சுற்றி வைத்துவிடட்டும். உப்பு தோலை இளக்கும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் ஏற்றலாம்.

குக்கர்தான் எங்கள் முதல் கோரிக்கை. உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா பகுதிகளில் ஒவ்வொரு மையத்துக்கும் பெரிய குக்கர் வேண்டும். 50 பிள்ளைகளுக்கு 1 கிலோ பருப்பு என்றால் 12 லிட்டர் குக்கர் தாராளம். பருப்பு, தண்ணீர் இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக்கூடாது, நுரை பொங்கி வெயிட்டை அடைத்துவிடும். குக்கருக்குள்ளும் உயரத்தின் கணக்கு உண்டு. கடல்மட்டத்தில் 120 டிகிரி தொடும் குக்கர் இங்கே 116 அளவில் நின்றுவிடும். சமவெளியில் நான்கு விசில் என்றால் இங்கே ஆறு. குக்கர் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. காஸ்கெட் குளிரில் விறைத்து ஓராண்டில் ஆவி விடத் தொடங்கும், அப்புறம் குக்கர் மூலைக்குப் போய் அரிசி அளக்கும் பாத்திரமாகிவிடும். ஆண்டுக்கு இரண்டு காஸ்கெட்டும் ஒரு சேஃப்டி வால்வும் சேர்த்தே ஒதுக்குங்கள்.

அடுத்தது குளிர். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் சமவெளியில் ஆறினால்தான் ருசி. இங்கே ஆறினால் பாமாயில் உறைந்து நாக்கிலும் மேல்வாயிலும் மெழுகுபோல ஒட்டும். எனவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த இரண்டையும் எடுத்துவிட்டு, குழைவாகச் சூடாகப் பரிமாறும் சாதங்களை வைக்க அனுமதி கேட்கிறோம்.

ஒன்று, பூண்டு மிளகுப் பருப்புச் சாதம். தொடக்கப் பள்ளியில் 50 பேருக்கு அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, பொடியாக நறுக்கிய கேரட்டும் பீன்ஸும் இரண்டரைக் கிலோ, எண்ணெய் கால் கிலோ, மலைப் பூண்டு 200 கிராம், மிளகும் சீரகமும் தலா 40 கிராம். தண்ணீர் மொத்தம் 20 லிட்டர். ஒருவருக்கு அரிசி 100, பருப்பு 20, காய் 50, எண்ணெய் 5 கிராம் என்ற மத்திய அரசின் அளவுக்குள் இது அடங்கும். கஞ்சி வடிக்கவே கூடாது. நூற்றுக்கு ஒரு மணி வீதம் கலந்துவரும், இரும்பும் வைட்டமினும் சேர்த்த செறிவூட்டிய அரிசியின் சத்து கஞ்சியோடு போய்விடும். அந்த மணியை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

இன்னொன்று அவரைக் குழம்புச் சாதம். படுகர் வீடுகளில் ராகிக் களியோடு சேரும் அந்த அவரையும் உருளையும் பிள்ளைகளுக்கு அறிமுகமான ருசி. ராகியும் இங்கே புதிதில்லை, 2023இல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் முன்னோடித் திட்டத்துக்கு நீலகிரியையும் தருமபுரியையும்தான் அரசு தேர்ந்தெடுத்தது. ஆனால் களியைப் பள்ளிக்கு நாங்கள் சொல்லமாட்டோம். ஆறினால் அது செங்கல்.

தட்டும் சாப்பாட்டைக் கெடுக்கும். ஜனவரியில் எவர்சில்வர் தட்டு தொட்டாலே சில்லிடும், அதில் விழுந்த சோறு ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். பரிமாறுவதற்குச் சற்று முன் தட்டுகளை வெந்நீர் அண்டாவில் முக்கி எடுத்துத் துடைத்துக் கொடுத்தால் போதும். செலவு ஒரு அண்டா தண்ணீர். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பத்து நிமிடம் முன்னதாக உட்காரவைத்தால் மெதுவாகச் சாப்பிடும் சின்னஞ்சிறுசுகளுக்கும் சூடாகக் கிடைக்கும்.

காய் விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள், ஆனால் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மேட்டுப்பாளையம் மண்டி ஏலத்துக்குப் போகும் கேரட்டில் சிறியதும் உடைந்ததும் கழிக்கப்படுகிறது. பள்ளிக்கு அதுவே போதும், எப்படியும் நறுக்கத்தானே போகிறோம். உதகை, குன்னூர், கோத்தகிரி உழவர் சந்தைகளில் அன்றைய விலைக்கு வாரம் இருமுறை நேரடியாக வாங்க மையங்களுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கேரட்டை அரை சென்டிமீட்டர் துண்டாக நறுக்கினால் சோற்றோடு உள்ளே போய்விடும், ஒதுக்க முடியாது. முட்டைகோஸைச் சோற்றோடு மூடிவைத்து வேகவிடுவதால்தான் கந்தக வாடை வருகிறது. மெல்லியதாகச் சீவி, திறந்த வாணலியில் ஆறேழு நிமிடம் வதக்கிக் கடைசியில் சேர்க்கவேண்டும். மீல் மேக்கரை உப்பு வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு இருமுறை பிழியாவிட்டால் அதன் பச்சை வாடை சாதம் முழுக்க ஏறும்.

முட்டையைக் கொதிக்கும் நீரில் போட்டால் குளிர்ந்த ஓடு வெடிக்கும். பச்சைத் தண்ணீரில் போட்டே அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததிலிருந்து 14 நிமிடம். அதையும் தாண்டினால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டும், கெட்டுப்போன முட்டை என்று பிள்ளைகள் வைத்துவிடுவார்கள்.

எரிவாயு: பனிக்காலத்தில் பெரிய அடுப்பை ஒரே சிலிண்டரில் எரித்தால் சிலிண்டர்மேல் பனி பூத்துத் தீ சிறுத்துவிடும். இரண்டு சிலிண்டரை இணைத்து ஒரே குழாயில் எடுத்தால் சரியாகும். இணைப்பை முகவரே செய்து தரட்டும். சிலிண்டரைக் கொதிநீரில் வைக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் உடனே நிறுத்தவேண்டும்.

கூடலூர், பந்தலூர் தாழ்வான பகுதி. அங்கே இந்தச் சிக்கல்கள் குறைவு, பட்டியலும் அப்படியே இருக்கலாம். அங்கே கவலை அரிசி வாசனைக்கு வரும் யானை. அதற்கு வலுவான இருப்பறைதான் கேட்கவேண்டும், அது தனி மடல்.

சமையலர்களுக்கான பயிற்சியை உதகையில் ஒரு பள்ளியின் சமையல்கூடத்திலேயே, இந்த உலையிலேயே வைக்கக் கோருகிறோம். வரும் நவம்பருக்கு முன் வட்டாரத்துக்கு ஐந்து பள்ளிகளில் தொடங்கலாம். முதல் வாரம் பழைய பட்டியலோடு, பிறகு இரண்டு வாரம் புதியதோடு, மதியம் மிஞ்சியதை அதே வாளியில் போட்டு நிறுத்து, கிலோ கணக்கைச் சத்துணவு அமைப்பாளர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதட்டும். அந்தப் பக்கத்தின் நகலோடு உங்களை நேரில் வந்து பார்க்கிறோம்.

இப்படிக்கு,
நீலகிரி மலைப்பள்ளிச் சமையல்கூடங்களை அறிந்தவர்கள்